டப்பாவுக்குப் பேர் ஒட்டலாம், பணம் யார் பேரில் இருக்கிறது?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரைத் தவிர வேறு அடையாளம் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 34. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறார். மாதம் 26,500 ரூபாய் சம்பளம், 7-ஆம் தேதி வங்கியில் ஏறிவிடும். கணவர் கட்டிங் மாஸ்டர், சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் இருந்தால் வாரம் 6,000 வரை வரும், இல்லாத மாதத்தில் அதில் பாதிகூட வராது. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. மாமியாருக்கு 67, இவர்களோடுதான் இருக்கிறார்.

சேமிப்பு 1,74,000 ரூபாய், எல்லாம் இவருடைய சம்பளக் கணக்கிலேயே கிடக்கிறது. அதில் எது பள்ளிக்கு, எது தீபாவளிக்கு, எது ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறார். போன மே மாதம் கணவரின் வண்டி இன்ஜின் வேலைக்கு 14,000 ரூபாய் போய்விட்டது. அது பள்ளிக்கூடப் பணம் என்று ஜூனில் பீஸ் கட்டப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது, வீட்டில் பெரிய சண்டை. இதற்கிடையில் வங்கியின் செல்போன் செயலியில் சேமிப்பைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பேரும் படமும் வைக்கிற வசதி இருப்பதைப் பார்த்திருக்கிறார். "அம்மா டப்பா டப்பாவாகப் பணம் போட்டு வைப்பாரே, அதேதான் இது" என்று எழுதுகிறார். பள்ளி பீஸ், தீபாவளி, மொய், மருத்துவம், வண்டி, குலதெய்வக் கோவில், மகள் படிப்பு, மகள் கல்யாணம், மகன் படிப்பு, சொந்த வீடு, அவசரம் என்று 11 டப்பாக்களின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு விஷயம் வருகிறது. வீடு மாறியபோது முன்பணத்துக்காகத் தனியார் ஃபைனான்ஸில் நகையை வைத்து 80,000 வாங்கியிருக்கிறார்கள், ஒன்றரை வட்டி, வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறார்கள். இன்னொன்று, மாமியாருக்குப் பூர்வீக நிலத்தில் பங்காக வந்த 4,20,000 ரூபாயும் இவருடைய கணக்கில்தான் இருக்கிறது. அவர் கைநாட்டு வைக்கிறவர் என்பதால், "எனக்கு எதுக்கு, நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாராம்.

கேள்விகள் மூன்று. 11 டப்பாவையும் ஒரே வங்கியில் வைக்கலாமா, வெவ்வேறு வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டுமா? ஒவ்வொரு டப்பாவுக்கும் 5 லட்சம் காப்பீடு உண்டு என்று தோழி சொல்கிறாரே, உண்மையா? "எல்லாம் ஒரே பணம்தானே, பேர் வெச்சா பெருகிடுமா" என்று கேட்கும் கணவருக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி. பேர் வைப்பதால் பணம் பெருகாது. ஒரே வங்கியில் 48,000 ரூபாய் ஒரு குவியலாகக் கிடந்தாலும் நான்கு டப்பாவில் கிடந்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டி ஒன்றுதான், பெரிய பொதுத்துறை வங்கிகளில் இப்போது அது இரண்டரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் பேர் வைத்த பணம் குறைவதும் எளிதில் நடக்காது. பணத்துக்கு மனதில் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும் மனிதப் பழக்கத்தைப் பற்றிப் பல வருடம் எழுதிய ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் வீடுகளில் அதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. நான் வங்கியில் கவுன்ட்டரில் இருந்த காலத்தில் ஒரு பூக்காரம்மா, மாதாமாதம் பணம் கட்டுகிற ஆர்.டி. சேமிப்பின் மூன்று பாஸ்புக்கை ஒரு துணியில் கட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொன்றின் அட்டையிலும் பேனாவால் ஒரு படம், ஒன்றில் பலகை, ஒன்றில் வீடு, ஒன்றில் பாத்திரம். எழுதப் படிக்கத் தெரியாதவர். எது எந்த மாதம் முடியும் என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை.

ஆக, உங்கள் யோசனை நல்ல யோசனை, செய்யுங்கள். ஆனால் இந்தப் பேரெல்லாம் உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும்தான் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். வங்கிக்கும் வருமான வரித் துறைக்கும் நாளைக்கு ஒரு தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கும் முதலில் தெரிவது கணக்கு யார் பேரில் இருக்கிறது என்பதுதான். "மாமியார் பணம்" என்று செயலியில் ஒரு டப்பாவுக்குப் பேர் வைத்தாலும், வேறு ஆதாரம் காட்டி நிரூபிக்காதவரை அதை உங்கள் பணமாகத்தான் பார்ப்பார்கள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தை வைத்துத்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமியாரின் பணம்

தோழி சொன்ன 5 லட்சம் காப்பீடு உண்மையில் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன மாதிரி இல்லை. வங்கி மூழ்கினால் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் தருகிற பணம் ஒரு ஆளுக்கு, ஒரு வங்கிக்கு, அசலும் வட்டியும் சேர்த்து அதிகபட்சம் 5 லட்சம். 2020 பிப்ரவரி 4 முதல் இந்த அளவு, அதற்கு முன் 1 லட்சமாகத்தான் இருந்தது. ஒரே வங்கியில் உங்கள் பேரில் சேமிப்பு, ஆர்.டி., எஃப்.டி. என்று எத்தனை இருந்தாலும், வேறு வேறு கிளையில் இருந்தாலும், எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். 11 டப்பா வைத்தாலும் ஒரே 5 லட்சம். இப்போது உங்கள் கணக்கில் 1,74,000-உம் 4,20,000-உம் சேர்த்து 5,94,000 இருக்கிறது. அதாவது 94,000 ரூபாய் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது. உங்கள் வங்கி மூழ்கிவிடும் என்று பயமுறுத்தவில்லை. மாமியாரின் பணத்தை அவர் பேருக்கே மாற்றினால் அதே வங்கியில் இருந்தாலும் அவருக்குத் தனியாக 5 லட்சம் உண்டு, செலவில்லாமல் சரியாகிவிடுகிற விஷயம் இது.

இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொரு வரி. வாரிசுதாரர் நியமனத்தில், அதாவது நாமினியாக, உங்கள் அப்பா பேர்தான் இன்னும் இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் என்று எழுதவே மனம் வரவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். வங்கி 5,94,000-ஐயும் உங்கள் அப்பாவிடம் கொடுத்துவிடும். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள அதிகாரம் உள்ளவர், அவ்வளவுதான், பணத்துக்குச் சொந்தக்காரர் சட்டப்படியான வாரிசுகள்தான் என்று வங்கி டெபாசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வாரிசுகள் உங்கள் கணவரும் பிள்ளைகளும். அந்தப் பட்டியலில் மாமியார் இல்லை. "அது என் நிலத்துப் பணம்" என்று 67 வயதில் அவர் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவருடைய மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்டால் உங்கள் கணவர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள்மேல் நம்பிக்கை வைத்துக் கொடுத்தவரை அப்படி நிறுத்தக் கூடாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நூறு நாள் வேலைக்காகத் தொடங்கிய கணக்கு ஒன்று அவருக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது எந்த வகைக் கணக்கு என்று வங்கியில் கேளுங்கள். முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்காக இருந்தால் அதில் 50,000-க்கு மேல் இருப்பு வைக்க முடியாது, வருடத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவும் வைக்க முடியாது. ஆதாரும் பான் அட்டையும் கொடுத்து அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொண்ட பிறகு 4,20,000-ஐ வங்கி மூலமாகவே மாற்றுங்கள், ரொக்கமாக எடுத்துப் போட வேண்டாம், எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற தடம் இருக்கட்டும். நிலப் பத்திரத்தின் நகல் ஒன்றையும் அவருடைய பாஸ்புக்கோடு வைத்துவிடுங்கள். கைநாட்டு ஒரு தடையே இல்லை. நாமினி படிவத்தில் கைரேகை வைத்தால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், அவர் விரும்பினால் மட்டும், அதில் 3,50,000-ஐ அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 வயதானவர்களுக்கான இந்தத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீத வட்டி தருகிறார்கள். அந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 7,175 ரூபாய் அவர் கணக்குக்கு வரும். கால அளவு 5 வருடம். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டி கிடையாது, அதற்குப் பிறகு எடுத்தால் அசலில் ஒன்றரை சதவீதமும் இரண்டு வருடம் தாண்டினால் 1 சதவீதமும் பிடிப்பார்கள். அதனால்தான் முழுதையும் போடச் சொல்லவில்லை, 70,000 அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். மாமியார் மாத்திரை வாங்கக்கூட உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று நீங்களே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த 7,175 அவருடைய கைச்செலவு, அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

இரண்டாவது, அந்த நகை

ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். 80,000-க்கு 14,400 ரூபாய். உங்கள் சேமிப்பு 1,74,000-க்கு இரண்டரை சதவீதத்தில் வருடம் முழுக்க வருகிற வட்டி 4,350. ஒரு பக்கம் 4,350 வாங்கி மறுபக்கம் 14,400 கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல, கம்பெனிக் கணக்கே பார்க்கிறவர் நீங்கள். "சேமிப்பைத் தொட்டால் அது கரைந்துவிடும், கடன் அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த பயம் எனக்குப் புரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவர்கள் எல்லோருக்கும் வருகிற பயம்தான். பேர் ஒட்டிய டப்பாவில் எனக்குத் தெரிந்த பெரிய ஆபத்தும் இதுவே. "பள்ளி", "மகள் படிப்பு" என்று எழுதிவிட்ட பணத்தை எடுத்துக் கடன் கட்ட மனசு வராது, அதனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். டப்பா வைக்கும் முன்பே கடனை முடிக்கச் சொல்வது அதனால்தான்.

வட்டியோடு 83,000 கட்டினால் நகையை மீட்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதமே மீட்டுவிடுங்கள். மீதி 91,000 இருக்கும். சேமிப்பு பாதியானது போலத் தோன்றும், ஆனால் நகை வீட்டுக்கு வந்துவிடும், மாதக் கணக்கில் பார்த்தால் 1,200 ரூபாய் மிச்சம். பெரிய அவசரம் வந்து மறுபடி வைக்க வேண்டி வந்தால் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள், இதைவிட வட்டி நன்றாகவே குறையும்.

சரி, இப்போது டப்பாக்கள்

11 வேண்டாம். 11 டப்பாவுக்கு மாதம் 9,000 ரூபாயைப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எண்ணூற்றுச் சொச்சம் விழும், எதுவும் நிறைந்த மாதிரி இருக்காது, ஆறு மாதத்தில் சலித்துவிடும். பணம் தேவைப்படுகிற தேதி இன்றைக்கே தெரிந்த செலவு, தேதி தெரியாத செலவு, ரொம்ப தூரத்தில் இருக்கிற செலவு என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் பட்டியல் நான்கில் அடங்கிவிடும்.

பள்ளி. இரண்டு பிள்ளைகளுக்கும் ஜூனில் 48,000. மாதம் 4,000. கையில் இருக்கும் 91,000-இல் 20,000-ஐ இப்போதே இதற்கு ஒதுக்குங்கள், நவம்பர் முதல் மே வரை ஏழு மாதத்தில் 28,000 சேர்ந்து சரியாக 48,000 ஆகிவிடும். அடுத்த மே முதல் இதை ஒரு வருட ஆர்.டி.யாக மாற்றுங்கள். ஜூனில் தொடங்கினால் அடுத்த ஜூனில்தான் முடியும், பீஸ் கட்டக் கடைசி நாள் தாண்டியிருக்கும், அதனால் பீஸ் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் முடிகிற மாதிரி தேதி பார்த்துத் தொடங்குங்கள். 6 சதவீத ஆர்.டி.யில் ஒரு வருடத்துக்குச் சுமார் 1,560 ரூபாய் வட்டி, சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் 650. வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் ஆர்.டி.யில் இருக்கிற பணம் யு.பி.ஐ. ஸ்கேன் செய்யும்போது தானாகப் போய்விடாது, எடுப்பதற்கு ஒரு முறையாவது யோசிக்க வேண்டியிருக்கும்.

வருடச் செலவு. தீபாவளி, மொய், வண்டி இன்சூரன்ஸ், குலதெய்வக் கோவில் நான்கும் ஒரே டப்பா. உங்கள் நோட்டின்படி வருடத்துக்கு 36,000, மாதம் 3,000. மொய்யைத் தனி டப்பாவாக வைக்கவே வேண்டாம், தை மாதம் ஏழு கல்யாணம் வரும், மார்கழியில் ஒன்றும் இருக்காது, அதைத் தனியே வைத்தால் எப்போதும் மைனஸில்தான் நிற்கும். கணவருக்கு வருகிற தீபாவளி போனஸ் கைக்கு வரும் முன்பே அதில் எவ்வளவு இந்த டப்பாவுக்கு என்று இருவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். போனஸ் வந்த சாயங்காலம் கடைவீதியில் நின்று முடிவு செய்ய முடியாது. செயலியில் பேர் வைக்கும் வசதியை இந்த டப்பாவுக்குப் பயன்படுத்துங்கள், அடிக்கடி எடுத்துப் போடுகிற பணம் என்பதால் அங்கே இருப்பதுதான் வசதி.

அவசரம். 71,000 இப்போதே இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 30,000 என்று சொல்கிறீர்கள், கணவரின் வருமானம் ஏறி இறங்குவதால் குறைந்தது மூன்று மாதத்துக்கு, அதாவது 90,000 வேண்டும். மாதம் 2,000-உம் நகை வட்டியில் மிஞ்சிய 1,200-உம் போட்டால் ஆறு மாதத்தில் எட்டிவிடும். மருத்துவம் என்று தனி டப்பா வேண்டாம், நடு இரவில் ஆஸ்பத்திரியில் நிற்கும்போது எந்த டப்பா என்று தேடக் கூடாது.

இந்தப் பணத்தை மட்டும் வேறு வங்கியில், உங்கள் இருவர் பேரிலும் கூட்டுக் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் எடுக்கலாம் என்ற விதியோடு தொடங்குங்கள். வேறு வங்கி ஏன் என்றால், இரண்டு காரணம். ஒரே வங்கியில் கடனோ கிரெடிட் கார்டோ வாங்கி அது நிலுவையில் நின்றால், அல்லது யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவர் கட்டாமல் விட்டால், அந்த வங்கி உங்கள் பேரிலுள்ள எந்தக் கணக்கிலிருந்தும் எடுத்துக்கொள்ள முடியும். அது "மகள் படிப்பு" என்று பேர் வைத்த பணம் என்பதால் விட்டுவிடாது. இன்னொன்று இப்போது அடிக்கடி நடப்பது. ஏதோ ஒரு சைபர் மோசடிப் பணம் யு.பி.ஐ. வழியாக உங்களுக்கு வந்து தொலைத்தால், உங்கள் தப்பே இல்லாவிட்டாலும் போலீஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் வங்கி கணக்கையே முடக்கி வைத்துவிடும், அதைத் திறக்க வாரக்கணக்கில் அலைய வேண்டும். டப்பா எல்லாம் ஒரே கணக்கின் கீழே இருந்தால் எல்லாமே மாட்டிக்கொள்ளும். இந்த அவசரக் கணக்கை எந்த யு.பி.ஐ. செயலியிலும் இணைக்காதீர்கள், ஏ.டி.எம். அட்டை மட்டும் வீட்டில் இருவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

குறைந்தபட்ச இருப்பு வைக்காவிட்டால் அபராதம் போடாத வங்கியாகப் பாருங்கள். ஸ்டேட் வங்கி 2020-இல் அந்த அபராதத்தை எடுத்தது, கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இல் எடுத்துவிட்டன. பல தனியார் வங்கிகளில் நகரக் கிளைகளில் ஆயிரக்கணக்கில் இருப்பு கேட்பார்கள். நீங்கள் முதலில் நினைத்தபடி வங்கிக்கு ஒன்றாகக் கணக்குகள் தொடங்கியிருந்தால் சேமிப்பைவிட அபராதம் கட்டுவதே வேலையாகியிருக்கும். இரண்டு வருடம் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். மாதாமாதம் பணம் போடுகிற கணக்கு என்பதால் உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது.

பிள்ளைகள். மகள் படிப்பு, கல்யாணம், மகன் படிப்பு எல்லாம் தூரத்துச் செலவு, அவசர டப்பா நிறைந்த பிறகு அந்த 3,200 ரூபாய் இங்கே திரும்பட்டும். ஆனால் ஒன்றைத் தள்ளிப் போட முடியாது. செல்வமகள் சேமிப்புக் கணக்கை மகளுக்கு 10 வயது ஆகும் முன் தொடங்க வேண்டும், அவளுக்கு இப்போதே 8. வருடத்துக்கு 250 ரூபாய் போதும், அடுத்த வாரம் அஞ்சலகத்துக்குப் போய்த் தொடங்கி வையுங்கள், பெரிய தொகையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். 2024 தொடக்கத்திலிருந்து இதற்கும் 8.2 சதவீதம்தான். "21 வயதில் பணம் வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறான புரிதல். கணக்குத் தொடங்கி 21 வருடம், அதாவது அவளுக்கு 29 ஆகும்போதுதான் முதிர்வு. 18 ஆனதும் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம், 18-க்குப் பிறகு கல்யாணம் என்றால் கணக்கை முடித்துக்கொள்ளலாம். கல்லூரிச் செலவு முழுதும் இதிலிருந்து வரும் என்று எண்ணாமல் திட்டமிடுங்கள். சொந்த வீட்டு டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள் என்றுதான் சொல்வேன். வீட்டு ஆசை வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை, மாதம் 800 ரூபாயில் அது நடக்காது, கடன் முடிந்து வருமானம் கொஞ்சம் நிலைத்த பிறகு அதற்கென்று தனியாக உட்கார்ந்து பேசலாம்.

மகள் கல்யாணத்துக்கு நகைச்சீட்டு சேரலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். நகைக்கடை சீட்டு வங்கி டெபாசிட் கிடையாது, அதற்கு அந்த 5 லட்சம் காப்பீடும் கிடையாது. வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியால்தான் பெரும்பாலான கடைகளில் 11 மாதமாக வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் நகை வாங்கப் போகிறவர்களுக்கு அது சரி, 8 வயது மகளுக்கு இப்போது வேண்டாம். பக்கத்து வீட்டில் பிடிக்கிற பதிவில்லாத தீபாவளிச் சீட்டு எந்த டப்பாவுக்கும் வேண்டாம்.

செயலியில் பொத்தானை அழுத்தும் முன்

வங்கிக் கிளையில் மூன்று கேள்வி கேளுங்கள். பேர் வைத்துப் பிரிக்கிற பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்குமா, அல்லது பின்னால் அதை ஆர்.டி., எஃப்.டி.யாக மாற்றிவிடுவார்களா? பல செயலிகளில் படமும் பேரும் மேலே இருக்கும், அடியில் ஓடுவது ஆர்.டி.தான், பாதியில் எடுத்தால் வட்டியில் குறைப்பார்கள். இரண்டாவது, இரவில் எடுத்தால் உடனே வருமா, மறுநாளா? மூன்றாவதுதான் முக்கியம்: பிரதானக் கணக்கில் பணம் போதாதபோது டப்பாவிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஏதாவது இருக்கிறதா? தானியங்கி எஃப்.டி. இணைத்த கணக்குகளில் அப்படித்தான் நடக்கும், கடையில் ஸ்கேன் செய்த 1,500 ரூபாய்க்காக வங்கி உங்கள் எஃப்.டி.யை உடைத்துக் கொடுத்துவிடும், உங்களுக்குக் குறுஞ்செய்தி மட்டும் வரும். அப்படி இருந்தால் அந்த இணைப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டப்பா வைத்தே பயனில்லை.

பணம் மாற்றுவதைக் கைப்பட வைக்காதீர்கள். 7-ஆம் தேதி சம்பளம் என்றால், மாதாமாதம் 9-ஆம் தேதி வங்கியே பணத்தை மாற்றிவிடும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள், ஒரு நாள் தாமதமாகச் சம்பளம் ஏறினாலும் உத்தரவு தவறாது. ஒவ்வொரு ஆர்.டி.க்கும் கூட்டுக் கணக்குக்கும் நாமினியைத் தனித்தனியாகப் பதிய வேண்டும், ஒன்றில் கொடுத்தது மற்றதுக்குத் தானாகப் போகாது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை இத்தனை சதவீதம் என்று பிரித்துக் கொடுக்கலாம். உங்கள் சம்பளக் கணக்கில் அப்பா பேரை மாற்றி கணவர் பேரைக் கொடுப்பது பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பிறகு தெரிந்தால் மனசு சங்கடப்படும். டப்பாக்களாகப் பிரிப்பதால் வரி கூடுமா என்றால் கூடாது. உங்கள் பான் எண்ணில் எல்லா வட்டியும் ஒன்றாகத்தான் சேரும், ஒரு வங்கியில் வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் டெபாசிட் வட்டி வந்தால்தான் வரி பிடிப்பார்கள், நீங்கள் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

அந்த 14,000 ரூபாய்

கணவர் பள்ளிப் பணத்தை "எடுத்துக்கொண்டார்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் அவர் பக்கமும் நின்று பாருங்கள். கணக்கு ஒன்று, அட்டை அவரிடமும் இருந்தது, இருப்பு ஒன்றரை லட்சத்துக்கு மேல் காட்டியது. அதில் எது பள்ளிக்கு என்பது பீரோவில் இருந்த நோட்டுக்குத்தான் தெரியும். வண்டி இல்லாமல் அவர் வேலைக்குப் போக முடியாது, அதைச் சரி செய்தார். கோபம் உங்களுக்கு வந்தது நியாயம்தான், ஆனால் அவர் மறைத்ததாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை, தெரியாமல் செய்திருக்கிறார். டப்பாவின் பேரை நீங்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வைத்தால் வருகிற ஜூனிலும் இதேதான் நடக்கும்.

அதனால் செயலியை அவர் போனிலும் பார்க்கிற மாதிரி செய்யுங்கள், அது முடியாவிட்டால் நான்கு வரியை ஒரு தாளில் எழுதிப் பூஜை அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். டப்பாவிலிருந்து எடுக்கவே கூடாது என்று விதி போடாதீர்கள், அது நிற்காது. எடுக்கலாம், எடுக்கும் முன் மற்றவரிடம் சொல்ல வேண்டும், எந்தச் சனிக்கிழமைகளில் எவ்வளவு திருப்பிப் போடுவது என்று அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். இது உங்களுக்கும் பொருந்தும், நீங்களும் போன ஆடித் தள்ளுபடியில் மருத்துவப் பணத்திலிருந்து 3,500 எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வாரம் ஒரு தொகை, அது 300-ஓ 500-ஓ, யாரும் கணக்குக் கேட்காத பணமாக இருக்கட்டும், உங்களுக்கும் அதே அளவு. எல்லா ரூபாய்க்கும் பேர் வைத்துவிட்ட வீட்டில் டீ குடிக்கக்கூட இன்னொருத்தர் டப்பாவைத் திறக்க வேண்டி வரும்.

எதை முதலில் செய்வது என்றால், இந்தச் சனிக்கிழமை நகையை மீட்டுவிடுங்கள். திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு மாமியாரை அழைத்துக்கொண்டு அவருடைய வங்கிக்குப் போங்கள், ஆதார், பான், இரண்டு புகைப்படம், பாஸ்புக், கைரேகைக்குச் சாட்சியாக உங்களோடு இன்னொருவர். பணத்தை என்ன செய்ய வேண்டும் என்று அதிகாரி கேட்கும்போது மாமியாரையே பதில் சொல்ல விடுங்கள். அஞ்சலகம் அதே வாரத்தில். டப்பாக்களை அடுத்த மாதம் 9-ஆம் தேதிக்குத் தொடங்கினால் போதும்.